ஒன்பது அங்குலமும் ஒரு தீவும்

ஆங்கிலேய ஒப்பந்தச் சட்டம் படிச்சவங்ககிட்ட "ரக்ஸ்லி வழக்கு" என்று சொல்லிப் பாருங்கள், ஒரு சிரிப்பு வரும். நீச்சல் குள வழக்கு அது. நானும் சிரிச்சவன்தான். ஆனால் அதே கேள்வி ஒரு பசிபிக் தீவில் எப்படி எழுந்தது என்று படித்தபிறகு சிரிப்பு போய்விட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் விதி. ஒப்பந்தத்தை ஒருவர் மீறினால், மற்றவரை "ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அந்த நிலையில்", பணத்தால் முடிந்த அளவுக்கு, கொண்டுபோய் வைக்க வேண்டும். 1848-இல் ராபின்சன் எதிர் ஹார்மன் வழக்கில் நீதிபதி பார்க் சொன்னது. இன்றுவரை அதுதான் அடிப்படை. கேட்க நன்றாகத்தான் இருக்கு. எந்தக் கணக்கில் அளப்பது என்கிற இடத்தில்தான் சிக்கல்.

ஃபோர்சைத் என்பவர் தன் வீட்டில் ஒரு குளம் கட்டச் சொன்னார். ஆழம் 7 அடி 6 அங்குலம் என்று பேச்சு. கட்டி முடித்தபோது மிக ஆழமான இடத்திலேயே 6 அடி 9 அங்குலம்தான், குதிக்கும் இடத்தில் 6 அடி. குதிக்க ஆபத்தில்லை, சொத்தின் மதிப்பும் குறையவில்லை என்று விசாரணை நீதிபதி கண்டார். இடித்துக் கட்டணும்னா 21,560 பவுண்டு ஆகும். அவர் கொடுத்தது 2,500 பவுண்டு, எதிர்பார்த்த இன்பம் கிடைக்காமல் போனதற்காக. மேல்முறையீட்டில் முழுத்தொகையும் கிடைத்தது. 1995-இல் பிரபுக்கள் சபை அதை ரத்து செய்து பழைய 2,500-க்கே திரும்பியது.

காரணம் இரண்டு. பலனுக்குச் சம்பந்தமில்லாத செலவு நியாயமான செலவாகாது. அதோடு, அவர் உண்மையில் திரும்பக் கட்டப்போவதில்லை என்று விசாரணை நீதிபதி கண்டிருந்தார். "கட்டுவேன் என்று நீதிமன்றத்துக்கே உறுதி தருகிறேன்" என்று பிறகு சொல்லிப் பார்த்தார். இல்லாத நஷ்டத்தை உறுதிமொழியால் உண்டாக்க முடியாது என்றார்கள். குளமும் கையில், குளத்தின் விலையைவிட அதிகப் பணமும் கையில் என்று ஆகக்கூடாதே. நியாயம்தான் என்று தோன்றும்.

இப்போது தீவுக்குப் போவோம். பனாபா, அன்றைய பெயர் ஓஷன் தீவு. இன்று கிரிபாட்டி நாட்டில் இருக்கு. மொத்தமே ஏறக்குறைய 6 சதுர கிலோமீட்டர். 1900-இலிருந்து 1979 வரை அங்கே பாஸ்பேட் தோண்டினார்கள். மண்ணை எடுத்த பிறகு மிஞ்சியது பாறைக் கூம்புகள். தோண்டிய நிலத்தில் தென்னையும் உணவு தரும் மரங்களும் திரும்ப நட்டுத் தருவோம் என்று 1913-இல் ஒப்பந்தம். போரில் ஜப்பான் தீவைப் பிடித்து மக்களை வெளியேற்றியது. போர் முடிந்ததும், 1945-இல், பிரிட்டிஷ் நிர்வாகம் அவர்களை 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், ஃபிஜியின் ராபி தீவில் குடியேற்றியது. அந்தத் தீவை வாங்கியதும் பனாபர்களுடைய பாஸ்பேட் பணத்தில்தான்.

டிட்டோ எதிர் வாடல் வழக்கில் 1976-இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி மெகாரி அலட்சியக்காரர் இல்லை. தீவுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். நட்டுத் தரும் கடமை மீறப்பட்டது என்பதை ஒத்துக்கொண்டார். ஆனால் "நட்டே ஆகணும்" என்று உத்தரவிட மறுத்தார். நடும் செலவையும் தரவில்லை. நீங்கள் ராபியில் வாழ்கிறீர்கள், கிடைக்கும் பணத்தில் பனாபாவில் மரம் நடுவீர்கள் என்று காட்டவில்லையே என்பது தர்க்கம். சிறு தொகைக்கு மட்டுமே வழி இருந்தது.

என் விமர்சனம் இங்கேதான். "இந்தப் பணத்தை நிஜமாகவே அதற்குச் செலவு பண்ணுவியா?" என்ற கேள்வியை ஃபோர்சைத்திடம் கேட்கலாம். அவர் குளத்தங்கரையில் உட்கார்ந்திருக்கிறார். பனாபரிடம் கேட்டால் அது வட்டமாகச் சுற்றுகிறது. மண்ணைத் தோண்டியதால் திரும்பிப் போக இடமில்லை. திரும்பிப் போகாததால் நஷ்டமில்லை. மீறல் எவ்வளவு முழுமையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஈடு குறையும் என்றால், அது மீறியவருக்கு வசதியான சட்டம் அல்லவா?

வேறு வழியே இல்லையா? தொகையை நீதிமன்றத்தின் பொறுப்பில் வைத்து, வேலை நடக்க நடக்க ரசீதுக்கு எதிராக விடுவிக்கலாம். நட்டால் பணம், நடாவிட்டால் மீதி திரும்பிப் போகட்டும். யாருக்கும் ஓசியில் லாபமில்லை. மனசைத் தோண்டிப் பார்க்கும் வேலையும் நீதிபதிக்கு மிச்சம்.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து அரசுகள் பின்னர் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர முன்வந்தன. கடமை என்று ஒப்புக்கொண்டு இல்லை, நல்லெண்ணத்தால். வாக்குக் கொடுத்தவர் வாக்கைக் காப்பதற்கும் இரக்கப்பட்டுக் கொடுப்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தைக் குறைக்கத்தான் ஒப்பந்தச் சட்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பனாபாவில் அது குறையவில்லை.