யாரோடு ஒப்பிட்டார்கள்?

ஊசலின் அலைவு நேரம் நீளத்தைப் பொறுத்ததா என்று சோதிக்கும்போது நீளத்தை மட்டுமே மாற்றுகிறோம்; மற்றவற்றை மாறாமல் வைக்கிறோம். மாணவர் அனைவரும் அறிந்த இவ்விதி, மனிதரைப் பற்றிய ஆய்வுகளில் எளிதில் மறந்துபோகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

அமெரிக்காவில் பல கோடி ஊழியர்களுக்கு அவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களே மருத்துவக் காப்பீடு அளிக்கின்றன. அச்செலவைக் குறைக்கும் நோக்கத்துடன் பல நிறுவனங்கள் உடல்நலத் திட்டங்களை நடத்துகின்றன. இரத்த அழுத்தப் பரிசோதனை, உடற்பயிற்சி வகுப்பு, புகைப்பதை நிறுத்தப் பயிற்சி ஆகியவை இவற்றில் அடங்கும். 2010இல் கேத்தரின் பெய்க்கர், டேவிட் கட்லர், சிருயி சாங் ஆகியோர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். திட்டத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் ஏறத்தாழ 3.27 டாலர் குறைகிறது என்று கணக்கிட்டனர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திட்டத்தில் தாமாக வந்து சேருபவர் யார்? உடல்நலத்தில் முன்பே அக்கறை உள்ளவர்களாக இருந்தால், அவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிடுவது முறையாகுமா?

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கிய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. 4,834 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 3,300 பேரை மட்டும் திட்டத்துக்கு அழைத்தனர். அழைக்கப்பட்டவர்களுள் சேர்ந்தவரையும் சேராதவரையும் ஒப்பிட்டபோது திட்டம் பெரும் வெற்றியாகத் தோன்றியது. குலுக்கலில் பிரிந்த இரு குழுக்களையும் முழுமையாக ஒப்பிட்டபோதோ, மருத்துவச் செலவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! சேர்ந்தவர்கள் திட்டம் தொடங்கும் முன்பே குறைவாகச் செலவிட்டவர்கள். ஊசலின் நீளத்தோடு வேறொன்றையும் சேர்த்து மாற்றிய கதைதான் இது.

பாராட்டத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. பெய்க்கரும் சாங்கும் தம் பழைய முடிவோடு நின்றுவிடவில்லை. ஒரு பெரிய விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில் குலுக்கல் முறையில் 20ஐத் தேர்ந்து திட்டத்தை நடத்தினர். ஏறத்தாழ 33,000 ஊழியர்கள் ஆய்வுக்கு உட்பட்டனர். முடிவு 2019இல் வெளியானது. 18 மாதங்களுக்குப் பின், ஒழுங்காக உடற்பயிற்சி செய்வதாகக் கூறியோர் திட்டம் நடந்த கிளைகளில் கூடுதலாக இருந்தனர். ஆனால் இரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. மூன்றாண்டு வரை தொடர்ந்து பார்த்தும் நிலைமை ஏறக்குறைய அதுவே.

உடற்பயிற்சி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இத்தகைய திட்டத்தால் உடல்நலம் மேம்பட்டுச் செலவு குறையும் என்ற வாக்குறுதிதான் மெய்ப்படவில்லை. இது ஏட்டளவிலான வாதமும் அன்று. குறிப்பிட்ட உடல்நல இலக்கை எட்டும் ஊழியருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் 30 சதவிகிதம் வரை சலுகை தர அமெரிக்கச் சட்டம் இடமளிக்கிறது. முன்பே நலமாயிருப்பவர் சலுகை பெற, நோயுற்றவர் கூடுதலாகக் கட்ட நேரிடலாம்.

ஆகவே வாசகர்களே, "இதைச் செய்தவர்கள் நலமாயிருக்கிறார்கள்" என்று எவரேனும் சொன்னால், முதலில் கேளுங்கள்: யாரோடு ஒப்பிட்டார்கள்? அவ்விரு குழுக்களையும் பிரித்தது யார்?