யாருடைய சுவர், யாருடைய படம்?

கலை விமர்சனம் என்றால் கவிதை, நாவல், நாடகம், சினிமா என்ற எல்லையோடு நம்மவர் எண்ணம் நின்றுவிடுகிறது. வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டும் படத்தையும் ஒரு கலைப் பிரச்சினையாகக் கருதுவோர் மிகச் சிலரே. நாவலை வாங்கியவன் ஒரு முறை படித்து மூடி வைக்கிறான். சினிமாவைப் பார்த்தவன் அடுத்த வாரமே மறந்துவிடுகிறான். சுவரில் தொங்கும் படமோ அவன் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து வேறு ஊர் போகும்வரை அவர்கள் கண்முன்னே நிற்கிறது. எந்தப் பாடநூலும் இவ்வளவு நீண்ட காலம் பாடம் நடத்துவதில்லை என்பது பாடநூல்களோடு காலம் கழிக்கும் நமக்கு நன்கு தெரியும்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி சிறியது. நம்முடன் கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர், கண்டியை அடுத்த ஒரு தோட்டத்தின் லயத்திலே பிறந்தவர். அவருடைய குடும்பம் அண்மையில் 7 பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட தனிவீட்டுக்குக் குடிபோயிற்று. புது வீட்டின் முன்னறைக்கு ஒரு நல்ல படம் வாங்கவேண்டும், நீங்களும் வந்து பார்த்துச் சொல்லவேண்டும் என்று நம்மை அழைத்தார். ஒரு சனிக்கிழமை காலை அவரும் அவருடைய தாயாரும் நாமுமாகக் கண்டி நகரத்துக் கடைகளில் ஏறி இறங்கினோம்.

கடைகளில் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஏழு வெண்குதிரைகள் பாய்ந்து வரும் படம். அதைக் கிழக்குச் சுவரில் மாட்டினால் செல்வம் பெருகும் என்ற உறுதிமொழியும் விலையோடு சேர்த்தே கிடைக்கிறது. குதிரைகள் எங்கிருந்து எங்கே ஓடுகின்றன என்று கேட்பாரில்லை. சுவிட்சர்லாந்தின் பனிமலையும் அதன் அடிவாரத்து ஏரியும் கொண்ட படம் இன்னொன்று. கடை வாசலில் நின்று தலையை உயர்த்தினால் ஹந்தானை மலைத்தொடர் தெரிகிறது; நாலு அடி நடந்தால் கண்டி ஏரி. அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்நிய மலையையும் அந்நிய ஏரியையும் விலை பேசும் விசித்திரத்தை என்னவென்று சொல்வது? இவற்றைப்பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. அச்சு இயந்திரம் உலகெங்கும் ஒரே சரக்கைக் கொட்டுகிறது. கண்டி மட்டும் அதற்கு விலக்காகிவிடுமா?

நம்மை நிறுத்திவைத்தது மற்றொரு படம். உல்லாசப் பயணிகள் வந்து போகும் கடையொன்றில், பெரிய துணியில் எண்ணெய் வர்ணத்தால் தீட்டப்பட்டிருந்தது. பச்சைப் பசேலென்ற தேயிலை மலை. முன்னே சிவப்புச் சேலையணிந்த இளம்பெண் ஒருத்தி. நெற்றியில் பொட்டு, மூக்கில் மூக்குத்தி, முதுகில் கூடை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரல் நுனியில் கொழுந்து, உதட்டிலே புன்னகை. "இது நம்ம மலையகம், சேர்" என்று இளம் ஆசிரியர் மகிழ்ந்தார். 2024இல் 1,350 ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட நாட்கூலியைக் கொண்டு கணக்கிட்டால் பதினைந்து நாள் கூலிக்கு மேல் விலை. ஆயினும் வாங்கிவிடும் நோக்கில்தான் இருந்தார். அவருடைய தாயார் முப்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர். அவர் படத்தின் அருகே சென்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏன் சேர், இந்தப் புள்ள கையில கறையே இல்லையே? மழை வந்தா இடுப்புல என்னத்தக் கட்டிக்குவா?" என்று கேட்டார்.

கற்றறிந்த விமர்சகர் பலர் பக்கம் பக்கமாக எழுதியும் எட்டாத இடத்தை அந்த அம்மையார் இரண்டு கேள்விகளில் எட்டிவிட்டார் என்றே நாம் கருதுகிறோம். அவர் கேட்ட பின்னர்தான் படத்தில் இல்லாதவை ஒவ்வொன்றாக நம் கண்ணுக்குப் புலப்படலாயின. இடுப்பில் கட்டும் படங்கு இல்லை. காலில் அட்டைக் கடி இல்லை. கங்காணி இல்லை, கொழுந்து நிறுக்கும் தராசு இல்லை, தூரத்தில் ஒரு லயத்தின் தகரக் கூரைகூட இல்லை. மலை முழுவதிலும் அவள் ஒருத்திதான். பக்கத்து நிரையில் பேசிக்கொண்டே பறிக்கும் தோழியரை ஓவியன் எங்கே அனுப்பிவிட்டான்? அவள் வேலையைப் பார்க்கவில்லை. வாங்க வந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இச்சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1867இல் தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்ற அவருடைய விளம்பரங்களில் கூடை சுமந்த தமிழ்ப்பெண்ணின் உருவம் இங்கிலாந்து நாட்டுக் கடைத்தெருக்களை எட்டியது. அதாவது, நம் பெண்களின் உருவம் படமாக விற்பனைக்கு வந்தது அவர்களைப் பற்றிச் சொல்வதற்காக அன்று, தேயிலையை விற்பதற்காகவே. உழைப்பின் வலி தெரிந்தால் பானத்தின் ருசி கெட்டுவிடும் என்ற வியாபார ஞானமே அந்த முகத்தில் புன்னகையை எழுதியது. இதற்குச் சற்று முன்னர், 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்த ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் களுத்துறையில் எளிய உழைப்பாளர் சிலரைப் படமெடுத்தார். அப்படங்களில் நாம் பார்த்தவற்றில் எவரும் சிரிக்கவில்லை. (அன்றைய கமராவின் முன் நெடுநேரம் அசையாமல் நிற்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.) விளம்பரக்காரன் வந்தபின்தான் சிரிப்பு வந்தது. நாம் கடையில் கண்ட ஓவியன் தேயிலை விற்கவில்லை. ஆனால் தேயிலை விற்றவனின் கண்ணால்தான் அவனும் பார்க்கிறான்.

இப்படங்கள் எங்கே தொங்குகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். ஹோட்டல்களின் வரவேற்பு மண்டபங்களிலே தொங்குகின்றன, வங்கிகளிலே தொங்குகின்றன, கொழும்புச் சீமான்களின் உணவறைகளிலே தொங்குகின்றன. கொழுந்து பறிப்பவளின் காம்பிராவில் மட்டும் இப்படம் தொங்குவதை நாம் கண்டதில்லை. ஆனால் அவளுடைய பிள்ளைகள் படித்து உத்தியோகம் பெற்று நகரத்துக்கு வந்ததும் முதலில் வாங்கும் படங்களில் இதுவும் ஒன்றாகிவிடுகிறது. பிறரைக் குறை சொல்வானேன்? நம் வீட்டு முன்னறையிலும் அத்தகைய படம் ஒன்று ஆறு ஆண்டுகளாகத் தொங்குகிறது. இனப்பற்று என்று எண்ணியே வாங்கினோம். அதன் கையில் கறை உண்டா என்று ஒரு நாளாவது நாம் பார்த்ததில்லை.

தோட்டத்து மக்கள் சுவரில் எதைத்தான் மாட்டினார்கள்? இதைக் கேட்குமுன், சுவர் எவருடையது என்று கேட்கவேண்டும். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ் 1681இல் லண்டனில் வெளியிட்ட நூலில், குடியானவர் தம் வீட்டுக்கு ஓடு வேயவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ அனுமதியில்லை என்று எழுதுகிறார். சுண்ணாம்புக்குப் பதிலாக ஒருவகை வெண்களிமண்ணைச் சிலர் பூசிக்கொண்டார்களாம். மன்னன் போனான், வெள்ளைத்துரை வந்தான், தோட்டம் உண்டாயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், அடுப்புப் புகை படிந்து கறுத்த அந்தச் சுவரும் குடியிருப்பவனுக்குச் சொந்தமன்று. வேலை போனால் சுவரும் போயிற்று. தனக்கென ஒரு சுவர் இல்லாதவனுடைய ரசனையைப்பற்றித் தீர்ப்புக் கூற நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆயினும் அந்தச் சுவர் வெறுமையாக இருக்கவில்லை. நகரத்து மளிகைக்கடை முதலாளி புதுவருடத்துக்குக் கொடுத்த கலண்டர். அதில் வள்ளி தெய்வானையோடு முருகன், அல்லது தாமரைமேல் இலட்சுமி. டிசம்பர் முடிந்ததும் தேதித்தாள்கள் அடுப்புக்குப் போகும்; சாமி மட்டும் சுவரில் நிலைத்துவிடும். பணம் கொடுத்து வாங்காமலே படம் சேர்க்கும் வழி இது. இந்தக் கலண்டர்களுக்கும் ஒரு கலைஞர் பரம்பரை உண்டு. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் தீட்டிய தெய்வங்களே சிவகாசி அச்சகங்களின் வழியே தமிழர் வாழும் இடமெல்லாம் பரவின. அவருக்கு முன்னோடி ரவிவர்மா. 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகமே அரண்மனைச் சுவரிலிருந்த தெய்வங்களை ஏழைச் சுவருக்கு இறக்கிவைத்தது.

ரவிவர்மாவை மிகக் கடுமையாகக் கண்டித்தவர்களில் ஒருவர் நம் நாட்டவரான ஆனந்த குமாரசுவாமி. நாடகப் பாங்கு மிகுந்தது, கற்பனை வறண்டது, இந்திய உணர்வற்றது என்பது அவர் கொண்ட கருத்து. கனிப்பொருள் ஆய்வாளராக இந்த மலைநாட்டைச் சுற்றிய காலத்தில்தான் அவருக்குக் கண்டிக் கைவினைஞரின் கலைமீது காதல் உண்டாயிற்று. 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கைவினைஞனின் மானத்துக்காக அவர்போல வாதாடியவர் அக்காலத்தில் வேறெவர்? அவருடைய தீர்ப்பில் உண்மையும் உண்டு. கலண்டர்த் தெய்வங்களின் ரோஜாக் கன்னங்களைக் கலையின் சிகரம் என்று எவரும் சாதிக்க வேண்டியதில்லை. ஆனால், ஒரு படத்தின் மதிப்பை அதன் கோடுகளிலும் வர்ணத்திலும் மட்டும் தேடினால் போதுமா? அந்த முருகன்முன் விளக்கேற்றி, பிள்ளையின் காய்ச்சல் தணிய வேண்டி நின்றவள் படத்தில் தன் பங்கைச் சேர்த்திருக்கிறாள். கடையில் சிரிக்கும் கொழுந்துக்காரியின் படத்தில் அவளுக்குப் பங்கு இல்லை. இந்த வேறுபாட்டை அழகியல் பேராசான்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

நல்ல படம் எது என்று இனிக் கேட்கலாம். கண்டியிலிருந்து சில மைல் தொலைவில், அமுனுகமவில் தெகல்தொருவ விகாரை இருக்கிறது. நாயக்கர் வம்சத்தவனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) காலத்தில் தொடங்கிய குகைக்கோயில். சில்வத்தென்ன உன்னான்சே முதலிய ஓவியர்கள் அதன் சுவரில் ஜாதகக் கதைகளைச் சிவப்பு நிலத்தில், நீண்ட பட்டைகளாக, கதை நடப்பது போலவே தீட்டியிருக்கிறார்கள். நம் அரிச்சந்திரனைப் போல எல்லாவற்றையும் தானமாக இழக்கும் வெஸ்ஸந்தர மன்னன் கதையும் அங்கே உண்டு. கதை பழைய வட இந்தியக் கதை. ஆனால் அதில் நடமாடுபவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுக் கண்டி மனிதர்கள். அவர்கள் உடுத்த உடை, அவர்கள் சென்ற ஊர்வலம், அவர்கள் கண்ட மரங்கள். பார்க்க வந்த குடியானவன் அந்தச் சுவரில் தன்னைக் கண்டான். திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்திலே டேவிட் பெயின்டர் இயேசுவின் வரலாற்றை இலங்கை மனிதரையும் இலங்கை நிலத்தையும் கொண்டு தீட்டியதும் இந்த நெறியில்தான். 1901இல் கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற், ஐரோப்பிய நவீன ஓவியத்தைக் கரைத்துக் குடித்தவர். எனினும் அவர் பெண்களின் கண்ணும் இடையும் இந்த மண்ணின் கோடுகளே. கீற்றின் படத்தை வாங்க நம்மால் ஆகாது. அவை இன்று ஏலத்தில் செல்வர்களிடம் செல்கின்றன. அச்சுப்பிரதி வாங்கலாம்.

கொழுந்தெடுப்பவளை இப்படி உள்ளிருந்து பார்த்துத் தீட்டிய சுவர் நமக்கு எங்கே இருக்கிறது? அண்மைக் காலத்தில் மலையகத்திலிருந்தே ஓவியர்கள் தோன்றியிருப்பது நம்பிக்கை தருகிறது. ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையும் தேநீர்க் கறையையும் கொண்டே படைக்கிறார். தாயார் கேட்ட கறை அங்கே கலையின் பொருளாகவே ஆகிவிட்டது. ஆனால் இத்தகைய படைப்புகள் கொழும்புக் காட்சிக்கூடங்களில் நின்றுவிடுகின்றன. கண்டிக் கடைத்தெருவுக்கு அவை வரவில்லை, தோட்டத்துக்கோ சொல்லவே வேண்டாம். பாடசாலைகளும் வாசகசாலைகளும் இவர்களிடமிருந்து வாங்க முன்வராத வரையில், ஏழு குதிரைகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அன்று நாம் படம் எதுவும் வாங்கவில்லை. தாயார் தம் பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்தார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்தப் பங்கீட்டில் அவருடைய தாய்மாமன் குடும்பம் கடல் கடந்தது. பிரியுமுன் எல்லோருமாகக் கண்டிக்கு வந்து ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. பதினொரு பேர், ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்கும், புகையேறிய பழைய முருகன் படத்துக்கும் சட்டமடிக்கக் கொடுத்தோம். மலைநாட்டு ஈரத்தில் கடதாசி பூஞ்சணம் பிடிக்கும்; ஆகையால் படம் கண்ணாடியோடு ஒட்டாதபடி இடையில் அட்டைக் கரை வைக்கவும், சட்டத்தின் பின்மூலைகளில் சிறு தக்கைகள் ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக விடவும் சொன்னோம். கடைக்காரர் இதற்கெல்லாம் தனிக்கூலி கேட்கவில்லை.

இப்போது இரண்டும் புது வீட்டில் தொங்குகின்றன. வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. முன்னறையின் நடுச்சுவர் வெறுமையாகவே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் சித்திரம் பயிலும் பேத்தியிடம், கொழுந்து நிறுக்கும் இடத்தை வரைந்து தரும்படி பாட்டி கேட்டிருக்கிறாராம். தராசின் முள் எந்த இலக்கத்தில் நிற்க வேண்டும் என்பதில் இருவருக்கும் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை என்று கேள்வி.