விருந்து மேசையும் அரியணையும்: ‘லெ சூப்பே’ திரைப்படத்தில் நகைச்சுவையின் அரசியல்

முன்னுரை

ழான் குளோது பிரிஸ்வில் எழுதி, 1989இல் பாரிஸில் மேடையேறிய ‘லெ சூப்பே’ (இரவு விருந்து) நாடகத்தை எதுவார் மொலினாரோ 1992இல் அதே பெயரில் திரைப்படமாக்கினார். மேடையில் நடித்த குளோது ரிஷ், குளோது பிராஸர் ஆகியோரே திரையிலும் முறையே தலேரானாகவும் ஃபூஷேயாகவும் நடித்தனர். கதை நிகழும் காலம் 1815 ஜூலை 6ஆம் நாள் இரவு. வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்று மூன்று வாரங்கள்கூட நிறைவுறவில்லை. பதினெட்டாம் லூயியை மீண்டும் அரியணையில் அமர்த்தத் தலேரான் முயல்கிறார். அதற்கு ஃபூஷேயின் இசைவு தேவை. அவரோ, 1793இல் அவ்வரசரின் தமையனான பதினாறாம் லூயியின் மரண தண்டனைக்கு ஆதரவாக வாக்களித்தவர். ஒரு நாட்டின் எதிர்காலம் விருந்து மேசையில் பேரம் பேசப்படுவதை நகைச்சுவையாக்கும் இப்படம், அப்பேரத்தை விமர்சிக்கிறதா, சுவைக்கிறதா என்பதே இக்கட்டுரையின் வினா.

எள்ளலும் பேதைமையும்

படத்தின் புகழ்பெற்ற பகுதி கொன்யாக் அருந்தும் காட்சியாகும். கோப்பையை உள்ளங்கையில் ஏந்திச் சூடாக்கி, மெல்லச் சுழற்றி, மணத்தை நுகர்ந்து, பின் அருந்தாமலே கீழே வைத்து அதைப் பற்றி உரையாட வேண்டும் எனத் தலேரான் ஃபூஷேவுக்குக் கற்பிக்கிறார். தொல்காப்பியம் நகைக்குரியனவாகக் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனுள் எள்ளலும் பேதைமையும் இங்கு ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. எனினும் ஃபூஷேயின் பேதைமை கோப்பையளவினதே. காவல்துறையை நடத்திப் பலரது இரகசியங்களைக் கையில் வைத்திருப்பவர் அவர். பிறப்பால் உயர்குடியினரான தலேரான், தமக்கு இன்றியமையாத ஒருவரைப் பழக்கவழக்கத்தின் பெயரால் தாழ்த்துகிறார். உபசாரமே இங்கு ஆயுதமாகிறது.

அறையும் தெருவும்

வெளியே மக்கள் கொந்தளிக்கின்றனர். உள்ளே அது இரைச்சலாக மட்டுமே எட்டுகிறது. கேமரா பெரும்பாலும் அறையை விட்டு அகலாததை, நாடகத்தன்மை நீங்காத குறையாகக் கருத இடமுண்டு. ஆயினும் இவ்வடைப்பே பார்வையாளரையும் மேசையில் அமர்த்துகிறது. தலேரானின் சொல்லாற்றலில் மகிழ்ந்து சிரிப்பவர், தெருவின் குரலை இடையூறாக உணரத் தொடங்குகிறார்.

முடிவுரை

1815 செப்டம்பரில் தலேரான் பதவி இழந்தார்; 1816இல் ஃபூஷே நாடு கடத்தப்பட்டார். இதை அறிந்த பார்வையாளருக்கு இருவரது சாதுரியமும் நகைப்புக்குரியதாகிறது. ஆனால் அவர்கள் பேசி முடித்த முடியாட்சி 1830 வரை நீடித்தது. பேரம் பேசியவர்களை எள்ளும் இப்படம், பேரத்தில் இடம்பெறாத மக்களுக்கு முகம் தரவில்லை. அதன் விமர்சனக் கூர்மை தயங்கி நிற்கும் இடம் இதுவே.