படுதாவுக்குப் பின்னால்

ஒரு நாடகத்தை எங்கிருந்து பார்க்க வேண்டும்? முன்வரிசையிலிருந்துதான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். திறனாய்வு எழுதுபவனுக்கு அங்கேதான் நாற்காலி போடுவார்கள். அங்கிருந்து பார்த்ததைத்தான் நானும் எழுதி வந்தேன். பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் செல்லும் சாலைக்குச் சற்று உள்ளே தள்ளி அமைந்த ஒரு சிற்றூரில், ஒரு பாஸ்கா இரவில், அந்த நம்பிக்கை குலைந்தது. நான் நேரங்கழித்துப் போய்ச் சேர்ந்தேன். களம் நிரம்பி வழிந்தது. “ஐயா, இப்படி வாங்க” என்று இளைஞர் ஒருவர் அழைத்துச் சென்று, மேடையின் இடப்புறத் தட்டிக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியின்மேல் என்னை அமர்த்தினார். விடியும்வரை அங்கேயே இருந்தேன்.

திண்டுக்கல் வட்டாரத்துக் கத்தோலிக்க மக்களுக்குப் பாஸ்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மேட்டுப்பட்டி முதலாகப் பல ஊர்களில் ஆண்டவரின் பாடுகள் புனித வாரத்தையொட்டி மேடையேறுகின்றன. நடிப்பவர் அனைவரும் ஊரார். பகலில் ஏர் பிடிப்பவர், கடை வைத்திருப்பவர், பள்ளியில் கற்பிப்பவர். ஆதலால் பாஸ்காவை நாடகம் என்று மட்டும் சொல்லுதல் பொருந்தாது. அது ஊர் கூடிச் செய்யும் வழிபாடும் ஆகும். ஆனால் அது நாடகமாகவும் நன்றாக அமைந்தாக வேண்டும் அல்லவா? எனவே அன்றிரவு கண்ட இரு காட்சிகளை முன்வைத்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, பிலாத்துவின் அரண்மனைக் காட்சி. இக்காலத்தில் பல ஊர்களில் நடப்பதுபோல் அங்கும் உரையாடல் முழுவதும் முன்னரே ஒலிப்பதிவு செய்யப்பட்டிருந்தது. நடிகர்கள் அதற்கேற்ப வாயசைத்தார்கள். பிலாத்து கைகழுவ வேண்டிய கட்டம். தாம்பாளமும் செம்பும் ஏந்தி வரவேண்டிய சிறுவன், பின்புறத்தில் தன் தலைப்பாகை அவிழ்ந்து நின்றிருந்தான். ஒரு தாய் அதை அவசர அவசரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவு காத்திருக்கவில்லை. பிலாத்து வெறுங்கையை வெறுங்காற்றில் கழுவி, தம் நிரபராதத்தை முழங்கி முடித்த பிறகே தண்ணீர் வந்தது. கூட்டம் சிரித்தது. உலகத்தின் பெரிய அநீதிகளுள் ஒன்று நிகழும் நேரத்தில் எழுந்த அந்தச் சிரிப்பு என்னை வருத்தியது.

தவறு சிறுவனுடையதா? அன்று. ஒலிப்பதிவு வருவதற்கு முன்னர், தட்டிக்குப் பின்னால் ஒருவர் நாடக ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு வசனம் எடுத்துக்கொடுப்பார். வசனம் மறந்தவருக்கு முதற்சொல்லை நினைவூட்டுவது மட்டும் அவர் பணியன்று. தண்ணீர் வந்துவிட்டதா, வேடம் முடிந்துவிட்டதா, படுதாவுக்கு ஆள் நிற்கிறாரா என்று ஒரு கண் எப்போதும் பின்புறத்தில் இருக்கும். வரவில்லையெனில் யூதத் தலைவர்களுக்கு இன்னும் இரண்டு வரி கொடுத்துக் காலத்தை நீட்டுவார். நாடகத்தின் மூச்சு அவர் கையில் இருந்தது. ஒலிப்பெட்டி வந்ததும் அந்தக் கண் மூடிவிட்டது.

இரண்டாவது, சிலுவை உயர்த்தப்படும் காட்சி. அதில் உரையாடல் இல்லை, இசை மட்டுமே. எனவே கைகளுக்கே அங்கு ஆட்சி. முன்னிருந்து பார்ப்பவர்க்குச் சிலுவை மெல்ல எழுகிறது, அவ்வளவே. பின்னிருந்து பார்த்த எனக்கோ, தரையில் தோண்டி மரச்சட்டம் இறக்கிய குழி தெரிந்தது. ஒலியெழாதவாறு சாக்குச் சுற்றிய ஆப்புகள் தெரிந்தன. கயிறு பிடித்த நால்வர் தெரிந்தனர். கயிறு இறுகுமுன் முதியவர் ஒருவர் குனிந்து சென்று, நடிகரின் அக்குளுக்கடியில் மறைத்துக் கட்டிய துணி வாரைத் தம் விரல்களால் தடவிப் பார்த்தார். கால் ஊன்றும் கட்டையை அழுத்திப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் எண்ணத் தொடங்கினார். நான்கு எண்ணிக்கையில் சிலுவை நிமிர்ந்தது. ஒருவர் தகரத்தை உலுக்க, இடி முழங்கியது. களத்தில் அழுகையொலி எழுந்தது. இறக்கப்பட்டவுடன் நடிகரைப் போர்த்துவதற்காக ஓர் அம்மையார் கம்பளியோடும் சுடுநீரோடும் இருளில் காத்திருந்தார்.

அந்த அழுகையில் பாதி அம்முதியவரின் விரல்களுக்கு உரியது என்பது என் துணிபு. தம் உடல் பாதுகாப்பாக இருக்கிறது என்று அறிந்த நடிகரே தம்மை முழுவதுமாகத் துயரத்துக்குக் கொடுக்க இயலும். ஆனால் விடியற்காலையில் பொன்னாடைகள் யாருக்குப் போர்த்தப்பட்டன? இயேசுவாக நடித்தவருக்கு, நன்கொடையாளருக்கு, எனக்கும் ஒன்று. கயிறு பிடித்தவர்கள் அப்போது கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு நியாயமும் பேச வேண்டும். ஒலிப்பதிவை ஊரார் சோம்பலால் கொண்டுவரவில்லை. ஆயிரக்கணக்கானோர் கூடும் திறந்த வெளியில், ஓர் ஒலிவாங்கியின் முன் ஒவ்வொருவராக வந்து நின்று பேசுவது நடிப்பைக் கெடுத்தது. இரண்டாம் இரவில் பலருக்குத் தொண்டை கட்டிவிடும். அதுபோலவே திரைகளையும் ஒளியமைப்பையும் வாடகைக்கு அமர்த்துவதும் குற்றமாகாது. இதற்குப் பழனி வட்டாரமே சான்று. முருகன் கோவில் திருவிழாக்களில் விரும்பி வைக்கப்படும் நாடகம் வள்ளி திருமணம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த வழியில் வரும் இந்த இசை நாடகங்களில் நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து அன்றிரவே வந்து கூடுகிறார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. வரைந்த படுதாக்களும் வாடகைக்கு வருகின்றன. ஆயினும் நாடகம் சிதறுவதில்லை. ஏன்? ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் படுதாக்காரரும் நாடகத்தை நடிகர்களுக்கு நிகராக அறிந்தவர்கள். பாட்டு நீண்டால் அவர்கள் நீள்வார்கள். நடிகர் தடுமாறினால் தாங்குவார்கள். கூலிக்கு வந்தவர்களேயாயினும், நாடகம் அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, படுதா யாருடையது என்பதன்று. அதை இழுப்பவருக்கு எப்போது இழுக்க வேண்டுமென்று தெரியுமா என்பதே.

இன்னொரு சான்றும் நம் கவனத்துக்குரியது. நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் நாடகக் குழு தமிழகத்தில் ‘ஏசுநாதர்’ நாடகத்தை மேடையேற்றியது. ஐயப்பன் வரலாற்றை நடத்திய குழுவும் அதுவே. வியக்கத்தக்க மேடைக் காட்சிகளுக்கு அக்குழு பெயர் பெற்றிருந்தது. அத்தகைய காட்சிகள் ஒரு நாயகரின் திறமையால் மட்டும் அமைவன அல்ல. கண்ணுக்குத் தெரியாத பல கைகளின் நெடும்பயிற்சியால் அமைவன.

கடல் கடந்து இலங்கைக்குச் சென்றால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். அங்குள்ள கத்தோலிக்கக் கரையோர ஊர்களில் பழங்காலத்துப் பாஸ்கு, ஆளுயரச் சுரூபங்களைக் கொண்டே நடத்தப்பட்டது. மேடைக்கடியில் மறைந்திருந்தவர்கள் சுரூபங்களை அசைக்க, மக்கள் கண்ணீர் வடித்தார்கள். அங்கே புகழ்பெற நடிகர் என்று எவருமே இல்லை. இயங்கியவர் அனைவரும் மறைந்திருந்தவர்களே. 1923-ஆம் ஆண்டில் பொரலஸ்ஸ என்னும் ஊரில் மனிதரே நடிக்கும் பாஸ்கு தொடங்கியது. அதற்கு முன்மாதிரியாக இருந்தது செருமனி நாட்டின் ஓபராமெர்காவ் என்னும் மலையூர்.

அம்மலையூர் 1633-இல் கொள்ளைநோயின்போது செய்த நேர்ச்சையின்படி, 1634 முதல் பாடுகளின் நாடகத்தை நடத்தி வருகிறது. இப்போது பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2020-இல் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் தள்ளி 2022-இல் நடந்தது. ஏறத்தாழ 5,000 பேர் வாழும் அவ்வூரில் 2,000-க்கு அணித்தான பேர் அதில் பங்கேற்கிறார்கள். அங்கே பிறந்தவர்கள் அல்லது 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கே அவ்வுரிமை உண்டு. மரச்சிற்பத்துக்குப் பெயர் போன ஊர் அது. உலகமே வந்து காணும் பெருநாடகமாக வளர்ந்த பின்னும், அந்த நேர்ச்சை ஊராரின் கைகளை விட்டு அகலவில்லை என்பதே நாம் நோக்கத்தக்கது.

நம் பாஸ்காக்களுக்கு நேர்ந்துவரும் இழப்பு இதுவே. ஒலி பெட்டிக்குள் போயிற்று. காட்சிகள் ஒளித்திரைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. மேடைமீது ஊரார் நிற்கிறார்கள். மேடைக்குப் பின்னால் ஊர் குறைந்து வருகிறது. பின்புறம் வெறுமையானால், கூச்சத்தால் மேடையேற மறுக்கும் இளைஞனுக்கும், பார்வை மங்கிய பின்னும் கயிற்றின் இறுக்கத்தை விரலால் அறியும் முதியவருக்கும், அங்கி தைக்கும் பெண்களுக்கும் இந்த வழிபாட்டில் இடம் எங்கே? பணச் செலவைவிட இது பெரிய செலவு அல்லவா?

நற்செய்தியே நமக்கு வழி காட்டுகிறது. இறுதி இராவுணவுக்கு இடம் தேடச் சென்ற சீடர்கள் நகரில் தண்ணீர்க் குடம் சுமந்து வரும் ஒருவரைச் சந்திப்பார்கள் என்றும், அவரைப் பின்தொடர வேண்டும் என்றும் ஆண்டவர் சொல்லி அனுப்பினார். அவர் நுழைந்த வீட்டின் உரிமையாளர் மேலறையைக் காட்டினார். குடம் சுமந்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. வீட்டுக்காரரின் பெயரும் தெரியாது. திருவிருந்து அவர்களின்றி நிகழ்ந்ததாகவும் எழுதப்படவில்லை. நாம் ஓவியத்தில் பன்னிருவரை மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம்.

விழாக்குழுவினருக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒலிப்பதிவு இருக்கட்டும், ஆனால் அதைக் காட்சிக்குக் காட்சி நிறுத்தித் தொடங்கும் பொறுப்பை, நாடகம் முழுவதையும் அறிந்த ஊரார் ஒருவரிடம், பின்புறம் தெரியும் இடத்தில், ஒப்படையுங்கள். கயிறு, ஒப்பனை, உடை, படுதா ஆகிய பணிகள் ஒவ்வொன்றுக்கும் மூத்தவரோடு இளையவர் ஒருவரைச் சேர்த்து விடுங்கள். நிறைவு நன்றியுரையில் நன்கொடையாளர் பட்டியலுக்கு முன்பாக அவர்கள் பெயர்களைப் படியுங்கள்.

அன்று விடியலில், எண்ணிக்கை சொன்ன பெரியவரிடம் நான் எழுந்து சென்றேன். எனக்குப் போர்த்திய ஆடையை அவருக்குப் போர்த்த முயன்றபோது மறுத்துவிட்டார். “இது எதுக்குங்க ஐயா? பேரன் இந்த வருசம் பக்கத்துல நின்னு எண்ணிக்கை பழகிக்கிட்டான். அடுத்த வருசம் கயிறு பிடிப்பான்” என்றார். அருகில் ஒரு சிறுவன், இன்னும் தாம்பாளத்தைக் கையில் வைத்தபடி நின்றிருந்தான். அவன்தான் தண்ணீரைத் தாமதமாகக் கொண்டு வந்தவன்.