பத்தாவது ஆள்

'பெண்கள் பால்கனி' என்ற இஸ்ரேலியப் படத்தைப் பெண்ணுரிமைப் படம் என்று பாராட்டுகிறவர்கள் அதன் பிற்பாதியை மனதில் வைத்தே பேசுகிறார்கள். பெண்கள் பதாகை பிடிக்கிறார்கள், வீட்டை விட்டு வெளியேறுகிறார்கள், ஆண்கள் தவித்துப்போகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தின் நிஜமான முடிச்சு அதற்கு வெகு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. படம் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

2016இல் எமில் பென் ஷிமோன் இயக்கிய படம் இது. திரைக்கதை எழுதியவர் ஷ்லோமித் நெஹாமா என்ற பெண். ஜெருசலேமின் ஒரு பழைய குடியிருப்பில் உள்ள சின்னத் தொழுகைக்கூடம்தான் களம். ஒரு பேரனின் பார் மிட்ஸ்வா நாள். பதின்மூன்று வயதான சிறுவன் சபை நடுவே தோராவை வாசிக்கும் சடங்கு அது. பெண்கள் அமரும் மேல்மாடம் இடிந்து விழுகிறது. ரப்பியின் மனைவி நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்கிறார். வயதான ரப்பி மனம் கலங்கிப்போகிறார். ஆண்கள் வேறோர் இடத்தில் கூடித் தொழ முயல்கிறார்கள். ஆள் போதவில்லை. கூட்டுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். அதற்கு மின்யான் என்று பெயர். அந்த நேரத்தில்தான் ரப்பி டேவிட் வருகிறார். இளைஞர், அழகாகப் பேசுபவர். குறையும் எண்ணிக்கையை நிரப்பித் தருகிறார். பிறகு அந்தச் சபையையே எடுத்துக்கொள்கிறார்.

பத்துப் பேர் என்றால் பத்து ஆண்கள். அந்தத் தெருவில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. எத்தி இருக்கிறாள், அவள் தோழிகள் இருக்கிறார்கள், அத்தனை பேரும் ஆண்டுக்கணக்காக அதே சபையில் இருந்தவர்கள். மரபுவழிச் சட்டப்படி அவர்களில் ஒருத்தியும் எண்ணிக்கையில் சேரமாட்டாள். எத்தி பத்தாவது ஆளாகியிருந்தால் ரப்பி டேவிட்டுக்கு உள்ளே வர வேலையே இருந்திருக்காது. எந்த விதி அவருக்குக் கதவைத் திறந்துவிட்டதோ, அந்த விதியின் மேல் படம் கடைசிவரை கை வைக்கவில்லை.

மற்றதெல்லாம் எதிர்பார்த்தபடி நடக்கிறது. மாடம் இடிந்ததற்குப் பெண்களின் அடக்கமின்மையே காரணம் என்று புது ரப்பி உபதேசிக்கிறார். கணவர்கள் மனைவிமாருக்கு முக்காட்டுத் துணி வாங்கிப் பரிசளிக்கிறார்கள். சிலர் போட்டுக்கொள்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள், நட்பு உடைகிறது. கட்டடம் செப்பனிடப்படும்போது மாடம் இல்லை. பெண்களுக்கு ஒதுக்குப்புறமாக ஓர் இடம் மட்டும் மிச்சம்.

பெண்கள் மாடத்தைத் திரும்பக் கட்டப் பணம் திரட்டுகிறார்கள். படத்தில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், அதிகம் கோபமூட்டியதும் இதுதான். திரட்டிய பணத்தை முதலில் புதிய தோராச் சுருளுக்குச் செலவிட வேண்டும் என்கிறார் ரப்பி. எதிர்த்து வாதாடவே முடியாத பதில். தோராச் சுருள் என்பது 3,04,805 எழுத்துகளைத் தோலில் கையாலேயே எழுதி முடிக்கும் புனிதப் பொருள். அதற்கு முன்னால் ஒரு மாடம் எம்மாத்திரம்? பெண்ணின் கோரிக்கையைச் 'சின்ன விஷயம்' ஆக்க அதன் பக்கத்தில் பெரிய விஷயம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும்.

தொழுகைக்கூடம் எந்த நாட்டிலும் தன்னார்வ உழைப்பில்தான் நிற்கிறது. அதில் பெரும்பகுதி பெண்களுடையது. ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக்கூடாது. ஆகவே சனிக்கிழமைத் தொழுகை முடிந்து எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் உணவு வெள்ளிக்கிழமை சூரியன் சாய்வதற்குள் அடுப்பேறி இருக்க வேண்டும். இரவெல்லாம் இளஞ்சூட்டில் வேகும் ஹமீன் தானாக வேகத் தொடங்குவதில்லை. இறந்த பெண்ணின் உடலைக் குளிப்பாட்டி வெள்ளை உடுத்துவதும் பெண்களே, கூலியில்லாமல். அமெரிக்காவில் சீர்திருத்த யூதர்களின் தொழுகைக்கூட மகளிர் சங்கங்கள் 1913இலேயே தேசியக் கூட்டமைப்பாகத் திரண்டன. அதே பிரிவில் ஒரு பெண் ரப்பியாவதற்கு 1972 வரை ஆனது. ஐம்பத்தொன்பது ஆண்டுகள். 'சேவை' என்று பெயர் வைத்துவிட்டால் உழைப்பைக் கேட்டு வாங்கலாம். கணக்கு யார் பார்ப்பது என்று மட்டும் பேசக்கூடாது. எத்தியும் தோழிகளும் நிதி திரட்டும்வரை யாருக்கும் தடையில்லை. செலவைத் தீர்மானிக்க வந்தபோதுதான் கலகக்காரிகள் ஆனார்கள்.

'தனியே உட்காரவைக்கிற மாடத்துக்காகவா போராட்டம்?' என்று கேட்டு இந்தப் பெண்களைத் தள்ளிவிடுவது சுலபம். நான் அந்தப் பக்கம் இல்லை. மாடத்தின் வரலாறே நேர்க்கோடாக இல்லை. ஜெருசலேம் ஆலயத்தின் தண்ணீர்த் திருவிழாவில் ஆணும் பெண்ணும் கலந்து களியாட்டம் மிஞ்சக்கூடாது என்று மேலே மாடம் அமைத்ததாகத் தல்மூது சொல்கிறது. பிரிக்கவென்றே பிறந்த இடம். ஆனால் மேலிருந்து பார்க்கிறவளுக்கு எல்லாம் தெரியும், சடங்கு முடிந்த சிறுவன் தலையில் மிட்டாய் எறிவாள், பக்கத்தில் இருப்பவளோடு ஊர்க்கதை பேசுவாள். மற்றோர் இடத்தில் மாடம் மற்றொரு மாதிரி ஆகிறது. கொச்சி யூதர்களின் தொழுகைக்கூடங்களில் கீழே ஒன்றும் மாடியில் ஒன்றுமாக இரண்டு வாசிப்பு மேடைகள் உண்டு. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் தோரா வாசிக்கப்படுவது மாடியில். அதற்குச் சற்றுப் பின்னால்தான் பெண்கள் பகுதி. அந்தப் பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதிப் பாதுகாத்த மலையாளப் பாட்டுகளைத் திருமணங்களில் ஆண்கள் முன்னிலையிலேயே பாடினார்கள். அங்கும் மின்யானில் அவர்கள் இல்லை. ஆனால் ஓரம் என்பது எல்லா ஊரிலும் ஒரே தூரத்தில் இல்லை. எத்தி கேட்பது அந்தத் தூரத்தைப் பற்றி. அது நியாயமான கேள்வி.

என் வழக்கு படத்தோடு, அந்தப் பெண்களோடு அல்ல. இந்தக் குடியிருப்பினர் மிஸ்ராஹிகள். மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பின்னணி கொண்ட யூதர்கள். பக்தியும் உண்டு, விட்டுக்கொடுத்தலும் உண்டு. கறுப்பு அங்கி இறுக்கம் ஐரோப்பிய வழி மதக் கல்லூரிகளிலிருந்து இவர்களுக்குள் வந்தது. 1984இல் உருவான ஷாஸ் கட்சி அதற்கு அரசியல் முகமும் கொடுத்தது. இந்தச் சரித்திரம் உண்மைதான். அதை வைத்துப் படம் செய்கிற காரியம்தான் வசதியானது: கெட்டது எல்லாம் வெளியிலிருந்து வந்தது, நம் வீட்டு ஆண்கள் தங்கமானவர்கள், கொஞ்சம் பலவீனம், அவ்வளவே. அந்த ஆண்கள் புது ரப்பிக்கு எத்தனை சீக்கிரம் தலையாட்டினார்கள்! முக்காட்டுத் துணியைக் காசு கொடுத்து வாங்கி வந்தவர்கள் அவர்கள்தானே. மாடம் இல்லாத கட்டடத்தில் அவர்களுடைய இடத்துக்கு ஒரு குறையும் இல்லை.

பெண்களின் வேலைநிறுத்தமும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. கணவனை விட்டுப் போவது பெரிய ஆயுதம்தான், நகைச்சுவைக்கும் இடம் கொடுக்கும். ஆனால் கணவன் மன்னிப்புக் கேட்டால் அது முடிந்துவிடும். தொழுகைக்கூடத்தை நடத்தும் உழைப்பை நிறுத்தியிருந்தால், நிதிக்கான நிர்வாகக் குழுவில் இடம் கேட்டிருந்தால், பேச்சு கணவன்மாரோடு முடிந்திருக்காது.

மரபுக்குள் இருந்துகொண்டு அப்படிக் கேட்பது சாத்தியமா என்றால், கேட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் 'எஸ்ரத் நாஷிம்' என்ற இளம்பெண்கள் குழு 1972இல் கன்சர்வேட்டிவ் பிரிவு ரப்பிகளின் மாநாட்டுக்கே போய் மின்யானில் தங்களையும் எண்ணச் சொன்னது. தொழுகைக்கூடத்தில் பெண்களுக்கு ஒதுக்கிய பகுதியின் பெயரையே குழுவுக்குச் சூட்டிக்கொண்டார்கள். மறு ஆண்டே அந்தப் பிரிவு அதற்கு அனுமதி கொடுத்தது. மரபுவழிப் பிரிவு கொடுக்கவில்லை, இன்றும் கொடுப்பதில்லை. ஆனால் எத்தியின் அதே ஜெருசலேமில், படம் வருவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே, 2002இல், தோவா ஹார்ட்மனும் மற்றவர்களும் 'ஷிரா ஹதஷா' என்ற மரபுவழிச் சபையைத் தொடங்கினார்கள். அங்கேயும் நடுவில் திரை உண்டு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பத்து ஆண்கள் வந்து சேர்ந்த பிறகும் அவர்கள் தொடங்குவதில்லை. பத்துப் பெண்களும் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்.