ஈயத்தில் கோத்த செய்தி

தம்பானூரில் ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ ஓடுகிற அவசரத்தில் தமிழ் நாளிதழ் வாங்குபவர் பலருக்கு, தினமலர் பிறந்த ஊரே இந்தத் திருவனந்தபுரம்தான் என்பது தெரிந்திருக்காது. 1951 செப்டம்பர் 6இல் இங்கே தொடங்கி, 1957இல் திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்தது. அந்த இதழ் பிழைத்துக்கொண்டது. 1899இல் நாளிதழான சென்னை சுதேசமித்திரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதைப் போலவே, ஈய எழுத்துகளைக் கையால் கோக்கும் கைக்கோப்பு என்ற வித்தையும் போயிற்று.

அந்தக் கைகளை ரசிக்காமல் இருக்க முடியாது. சாய்வான மரப்பெட்டியில் அறை அறையாக ஈய எழுத்துகள். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டரின் கண் கையெழுத்துப் பிரதியிலேயே இருக்கும்; விரல்கள் தாமாக அறை தேடும். எழுத்தின் பக்கவாட்டில் வெட்டிய சிறு பள்ளத்தைத் தடவியே அது நேரா தலைகீழா என்று கட்டைவிரல் சொல்லிவிடும். கையில் பிடித்த கோப்புச் சட்டமான ஸ்டிக்கில் ஒவ்வொன்றாக விழும் 'டிக்' ஓசை, மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கி நின்றன. ணா, றா, னா தனித்தனி அச்சுகள். அத்தனையையும் இடவலம் மாறிய வடிவில் படிக்க வேண்டும்! வரி நிரம்பாவிட்டால் சொற்களுக்கிடையே மெல்லிய ஈயத்துண்டு செருகி இறுக்குவார்.

அச்சு முடிந்ததும் கழுவி, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போடுவது அலுப்பான வேலைதான். அதில் ஒரு 'ன' தவறி 'ண' அறைக்குள் விழுந்தால், மறுநாள் புரூஃப் ரீடர் சிவப்பு மையோடு வந்து நிற்பார்.