காவலாளியை வீட்டுக்கு அனுப்புவோம்

செல்லைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கினாலே ஒரு காவலாளி வந்து வாசலில் நின்றுவிடுகிறார். சவ்வில் இருக்கும் புரதங்கள் வேண்டியதை உள்ளே விடுமாம், வேண்டாததைத் தடுக்குமாம். பாடப்புத்தகத்திலிருந்து அறிவியல் கட்டுரை வரைக்கும் இதே ஆள்தான். உவமை பழசு என்பது என் புகார் இல்லை. தப்பு என்பதுதான்.

சோடியம்-பொட்டாசியம் பம்பை எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ நண்டின் கால் நரம்பில் கண்டு 1957இல் எழுதிய நொதி இது. 1997இல் வேதியியல் நோபல் பரிசின் பாதி இதற்காக அவருக்குக் கிடைத்தது. நம் செல்களிலும் ஓடுவது இதுதான். செல்லின் எரிபொருளான ஏடிபியில் ஒரு மூலக்கூறைச் செலவழித்து, 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். கவனிங்க, சோடியம் ஏற்கெனவே வெளியேதான் அதிகம், பொட்டாசியம் உள்ளேதான் அதிகம். இது மேட்டுக்குத் தண்ணீர் இறைக்கிற வேலை. காவலாளி இறைக்க மாட்டார், நிற்பார். சவ்வில் அவரைப் போல இருப்பவை அயனிக் கால்வாய்கள். அவை திறந்தால் அயனிகள் தானாகவே பள்ளத்துக்கு ஓடும்.

அப்படின்னா எந்த உவமை? நம் அடுக்குமாடிகளின் கூரைத் தண்ணீர்த் தொட்டி. கீழேயிருந்து பம்ப் ஏற்றுகிறது, மேலிருந்து நீர் தானே இறங்குகிறது. இதயத் தசைச் செல்லில் இன்னொரு புரதம் இப்படி இறங்கும் சோடியத்தை நம்பிப் பிழைக்கிறது. 3 சோடியத்தை உள்ளே விட்டு, அந்த வேகத்தில் 1 கால்சியத்தை வெளியே தள்ளும். ஏடிபியை அது நேரடியாகத் தொடுவதே இல்லை.

இப்போது டிஜாக்சின் என்ற மருந்தைப் பாருங்கள். ஃபாக்ஸ்குளோவ் வகைச் செடியிலிருந்து எடுப்பது. அது பம்பைத்தான் தடுக்கிறது. ஆனால் கூடுவது இதயத் துடிப்பின் வலு! எப்படி? பம்ப் தளர்ந்தால் சோடியம் உள்ளே தேங்கும், தொட்டியின் மட்டம் இறங்கும், கால்சியத்தைத் தள்ளும் வேகம் குறையும். தங்கிவிட்ட கால்சியம் தசையை இன்னும் இறுக்கிச் சுருங்க வைக்கும். மருந்தின் அளவு மிஞ்சினால் துடிப்பின் தாளமே தப்பிவிடும்.

காவலாளியை வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஒரு வாசலில் ஆள் தூங்கினால் அடுத்த வாசலில் ஏன் கூட்டம் தேங்குது? அவரிடம் பதில் கிடையாது. தொட்டியும் முழுசாகப் பொருந்தாதுதான். தண்ணீர் ஏற்றும் பம்ப் அதே நேரம் வேறொன்றைக் கீழே இறக்குவதில்லை. ஆனாலும் அடுத்த படிக்கு நம்மைக் கூட்டிப்போகிறது. அறிவியலை எழுதுகிறவர் உவமையிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். அழகு அப்புறம்.